கடலோரக் கிளை நூலகத்தில் ஒரு வாசிப்புக் கூட்டம்: சிற்றிதழ் எழுத்தாளர்களுக்கும் பால்புதுமை எழுத்தாளர்களுக்கும் இடம் அமைப்பது எப்படி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், ஏதேனும் ஒரு கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ மாதம் ஒருமுறை இலவச வாசிப்புக் கூட்டம் நடத்த நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். மேசை இழுப்பறைக்குள் கையெழுத்துப் பிரதியாகவே கிடக்கும் கதைகளை எழுதியவர்கள், சில நூறு படிகளுக்கு மேல் போகாத சிற்றிதழ்களில் மட்டும் எழுதுபவர்கள், பாலினத்திலோ ஈர்ப்பிலோ வழக்கமான வரையறைக்குள் அடங்காததால் சொந்த ஊரில் சொந்தப் பெயரில் எழுத முடியாத பால்புதுமை எழுத்தாளர்கள் ஆகியோருக்கான கூட்டம் இது. வார இதழ்களில் பெயர் வந்தவர்களுக்குக் கூட்டம் நடத்துவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. அங்கே எழுத்தாளரின் பெயரைப் பெரிதாகப் போட்டால் கூட்டம் சேரும். இங்கே பெயரைப் பெரிதாகப் போட்டால் எழுத்தாளரே வராமல் போகக்கூடும். யார், எந்தப் பெயரில், எவ்வளவு முகம் காட்டி வாசிப்பது என்பதை வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டும். இடம், நாள், அழைப்பிதழ், பேருந்து என்று கீழே சொல்லப்போகும் எல்லா ஏற்பாடுகளும் இந்த ஒன்றை ஒட்டியே அமைகின்றன.

சொல்லைப் பற்றியும் தொடக்கத்திலேயே தெளிவாகிவிடுவது நல்லது. திருநங்கை, திருநம்பி (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்), தன்பாலீர்ப்பினர், பால்புதுமையினர் ஆகிய சொற்கள் இப்போது எழுத்தில் நிலைத்துவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலைத் தொடர்ந்து, இவர்களை மதிப்போடு குறிப்பதற்கான சொற்களஞ்சியம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. அரசு அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று தயங்குபவருக்கு அது நல்ல துணை. கூட்டத்தில் வாசிக்க வருபவர் தம்மை வேறு சொல்லால் அழைத்துக்கொண்டால், அவருடைய சொல்லே செல்லும்.

நூலகரிடம் பேசுதல்

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் அதுதான். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. அச்சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ஆகவே பாம்பனில் மீன் விற்பவரின் ஓட்டு வீட்டுக்கும் அந்த நூலகத்தில் பங்கு உண்டு. நான் இதை நூலகரிடம் வாதமாகச் சொல்வதில்லை. ஆனால் மனத்தில் இதை வைத்துக்கொண்டு போனால் கெஞ்சுகிற குரல் வராது.

பெரும்பாலான பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. சில ஊர்களில் அது பலகையில் மட்டும் இருக்கும். புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்கி, அதற்கு ஒரு பெயர் வைத்து, முத்திரை செய்து அலைவதைக் காட்டிலும், உறங்கிக் கிடக்கும் வாசகர் வட்டத்தில் உறுப்பினராகி, அதன் வழியாகக் கூட்டத்தை நடத்துவதே எளிது. நூலகரிடம் கொடுக்கும் கடிதத்தில் நாள், நேரம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, ஒலிபெருக்கி உண்டா இல்லையா, தேநீர்ச் செலவு யாருடையது ஆகியவற்றை எழுதுங்கள். நூலகர் அதை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டியிருக்கலாம் என்பதால், முதல் கூட்டத்துக்கு முன்னால் ஒன்றரை மாதமாவது இடைவெளி விடுங்கள். கூட்டத்தின் தன்மையை நூலகரிடம் மறைக்காதீர்கள். வாசிக்க வருபவர்களில் திருநங்கையரும் தன்பாலீர்ப்பினரும் இருக்கலாம் என்று வாயால் சொல்லிவிடுங்கள். யார் யார் என்பதைச் சொல்லாதீர்கள். முதலாவதை அறிவது நூலகரின் உரிமை. இரண்டாவதைக் காப்பது நம்முடைய கடமை.

‘சட்டப்படி இது சரிதானா?’ என்ற கேள்வி எங்கேயாவது வரும். திருநர்களின் பாலின அடையாளத்தை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15இல் ஏற்றது. வயது வந்தவர்கள் ஒப்புதலோடு கொள்ளும் தன்பாலுறவு குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6இல் தீர்ப்பளித்தது. இந்த இரண்டு தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். நூலக மேசையருகே நின்று நீண்ட விளக்கம் தர வேண்டியிருக்காது.

நாள் குறித்தல்

நான் அதிகம் தவறு செய்தது இதில்தான். மதுரையிலோ சென்னையிலோ இரண்டாம் சனிக்கிழமை மாலை என்று குறித்தால் கூட்டம் சேர்ந்துவிடும். கடற்கரையில் நாள்காட்டிக்கு முன்னால் கடலைப் பார்க்க வேண்டும்.

இராமேசுவரம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குப் போகின்றன. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. சனிக்கிழமை போன விசைப்படகு ஞாயிறு காலையில் கரை சேரும்போது, இறங்கும் மீனைத் தரம் பிரித்து ஏலம் போட்டு ஐஸ் போட்டு அனுப்பும் வேலையில் ஆணும் பெண்ணும் முழுகியிருப்பார்கள். தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் அதே காலையில் திருப்பலியும் இருக்கும். ஆனால் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஊர் சற்று மூச்சு விடும். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதால் ஞாயிறன்று நூலகம் திறந்திருக்கும் என்பது நமக்குக் கூடுதல் வசதி. நான் தொடங்கியபோது இதையெல்லாம் எண்ணாமல் சனிக்கிழமை மாலையைக் குறித்தேன். நாற்காலிகள் இருந்தன, நூலகர் இருந்தார், வாசிக்க வந்தவர் இருந்தார். கேட்பவர் மூவர், அவர்களில் ஒருவர் நாளிதழ் படிக்க வந்தவர்.

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் ரமலான் மாதத்து மாலைகளைத் தொடவே வேண்டாம். நோன்பு திறக்கும் நேரத்தில் யாரும் கவிதை கேட்க வர மாட்டார்கள்; வரச் சொல்வதும் முறையன்று. அந்த மாதத்தில் காலை பதினொரு மணிக்கு, தேநீர் இல்லாமல், ஒரு மணி நேரத்துக்குள் முடியும் சிறிய கூட்டமாக வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் கூட்டத்தை ஒத்திவைக்க இன்னொரு காரணம் தேட வேண்டாம். 1964இன் தனுஷ்கோடிப் புயலைப் பாட்டி வாயிலாகக் கேட்டு வளர்ந்த ஊரில், கூண்டு ஏறிய நாளில் கூட்டம் நடத்துபவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

சிறந்த காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் பூசுவதும் போக மீதி நேரம் இருக்கிறது. திருநங்கையர் நல வாரியம் 2008இல் அமைக்கப்பட்ட நாளும் ஏப்ரல் 15தான். அந்நாளே தமிழ்நாட்டில் திருநங்கையர் தினமாகவும் கொண்டாடப்படுகிறது. இரண்டும் ஒரே தேதியில் விழுவது தற்செயலானாலும், ஆண்டின் முதல் பெரிய கூட்டத்தை அந்த வாரத்தில் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தடைக்காலத்தில் நேரம் இருக்கும் வீட்டில் காசு இருக்காது. உச்சிப்புளியிலிருந்து இராமேசுவரம் வந்து போகும் பேருந்துக் கட்டணம்கூடச் சிலருக்குக் கணக்குத்தான். வாசிப்பவருக்கு மட்டுமல்லாமல், தொலைவிலிருந்து கேட்க வருபவருக்கும் கட்டணத்தைக் கொடுக்க ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள்.

இலவசம் என்பதன் பொருள்

கேட்பவருக்கு இலவசம், வாசிப்பவர் இலவசமாக உழைக்க வேண்டும் என்பதன்று. ஒரு வாசிப்பாளருக்குப் பயணச் செலவோடு 500 ரூபாயாவது உறையில் போட்டுக் கொடுக்க முடியாவிட்டால், மாதம் ஒன்று என்பதை இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். அரசு நூலகத்துக்குள் உண்டியல் சுற்றி வருவது சரியாக இருக்காது. ஊரில் ஐந்தாறு பேரிடம் மாதத் தொகையாக முன்கூட்டியே வாங்கி, கணக்கை அவர்களுக்கு மட்டும் காட்டிவிடுங்கள். செத்தும் கொடுத்த சீதக்காதியின் ஊர்ப்பக்கம் இது. நாகரிகமாகக் கேட்டால் கொடுப்பார்கள். கொடுத்தவரின் பெயரைப் பலகையில் போடக் கேட்டால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எழுத்தாளரைக் கண்டடைதல்

ஊரில் யார் பால்புதுமையினர் என்று தேடிப் போகக் கூடாது. தேடினால் கிடைப்பது எழுத்தாளர் அல்லர், வதந்தி. எழுத்தைத் தேடுங்கள், எழுதியவர் தம்மைப் பற்றிச் சொல்ல விரும்பினால் சொல்வார்.

முதல் இரண்டு கூட்டங்களில் அச்சில் வந்த நூல்களிலிருந்து வாசியுங்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’, ஆ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ ஆகிய இரண்டும் திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே எழுதியவை. அச்சில் வந்த நூலின் அளவான பகுதியைப் பொது இடத்தில் வாசிக்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதையே படியெடுத்துச் சிறுநூலாக்கி விநியோகிக்க இடம் தருவதில்லை. அதற்கு எழுதியவரின் இசைவு வேண்டும். இந்தக் கூட்டங்களில் என்ன வாசிக்கப்பட்டது, யாரும் சிரித்தார்களா, நூலகர் எழுந்து போனாரா என்பதை ஊர் கவனித்துக்கொண்டிருக்கும். மூன்றாம் கூட்டத்துக்குள் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டுவார்.

தாளை நீட்டத் துணியாதவருக்காக ஒரு பெட்டி வையுங்கள். எங்கள் நூலகத்தில் மூடி போட்ட பனையோலைக் கொட்டான் ஒன்றை வைத்தோம். முதலில் நூலகரின் மேசைமேல் வைத்தோம். இரண்டு மாதம் அதில் பேருந்துச் சீட்டும் கடலைத் தோலும்தான் விழுந்தன. பிறகு அதை உள்ளே, போட்டித்தேர்வு நூல்கள் அடுக்கியிருக்கும் அலமாரியின் கடைசித் தட்டில் வைத்தோம். அந்த இடத்தில் இளைஞர்கள் எந்நேரமும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பார்கள் என்பதால் யார் எதற்காகக் குனிந்தார் என்பது தெரியாது. அந்த மாதமே நான்கு தாள்கள் வந்தன.

அந்த நான்கில் ஒன்றால்தான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. பெயரில்லாமல் வந்த கவிதையை நான் அந்தத் தாளை வைத்தே வாசித்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், தாளின் பின்புறம் ஊடுருவித் தெரிந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் என் காதோரம் வந்து, ‘இந்த ளகரத்தை இப்படிச் சுழிக்கிறவன் என் வகுப்பில் ஒருவன்தான் இருந்தான்’ என்றார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லவர், யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் என்ன செய்திருக்க முடியும்? அன்றிலிருந்து பெட்டியில் விழும் எதையும் நானே கணினியில் தட்டச்சு செய்து, மூலத்தை உறையிலிட்டு ஒட்டிவிடுகிறேன். எழுதியவர் வந்து கேட்டால் உறை அவருக்கு. ஆறு மாதம் கேட்காவிட்டால் கிழித்துவிடுவதாகக் கொட்டானின் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுதுபவர் தாளின் அடியில் ‘வாசிக்கலாம்’, ‘நீங்கள் மட்டும் படியுங்கள்’ என்ற இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும்; குறிக்காத தாளை வாசிப்பதில்லை.

மண்டபம் முகாமில் வாழும் ஈழத்தமிழரிடையே எழுதுபவர்கள் இருப்பார்கள். அவர்களை அழைக்கும்போது முகாமில் பதிவு எடுக்கும் நாளையும் திரும்ப வேண்டிய நேரத்தையும் கேட்டுக்கொண்டு நாளை வையுங்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் இதே போல அவர்களுடைய நீரோட்டக் கணக்கு உண்டு.

பெயரும் அழைப்பும்

புனைபெயர் தமிழுக்குப் புதிதன்று. ஒளிந்துகொள்வதற்காக மட்டும் வைத்துக்கொள்வதும் அன்று. பெயர் தெரியாத சங்கப் புலவரை அவருடைய வரியாலேயே அழைத்த மரபு நமக்கு இருக்கிறது. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் ஆகியோரின் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. இதையே நாங்கள் கூட்டத்தின் முறையாக எடுத்துக்கொண்டோம். பெயர் வேண்டாம் என்பவரிடம், அவருடைய படைப்பிலிருந்து ஒரு தொடரைத் தேர்ந்து தரச் சொல்கிறோம். அழைப்பிதழிலும் அறிமுகத்திலும் அதுவே அவர் பெயர். ஊர்ப் பெரியவர்களுக்கும் இதை விளக்க வேண்டியிருப்பதில்லை. தமிழாசிரியர் ஒருவர் இருந்தால் அவரே மற்றவர்க்கு மகிழ்ச்சியோடு விளக்கிவிடுகிறார்.

அழைப்பிதழில் எழுத்தாளரின் ஊர், தொழில், படம் ஆகியவற்றை அவர் எழுத்தில் இசைவு தராமல் போடாதீர்கள். ஊர்ப் பெயரை நான் ஒருமுறை போட்டேன். பெயர் புனைபெயர்தான், படமும் இல்லை, ஆனால் ஊரையும் ‘நர்சிங் மாணவி’ என்பதையும் சேர்த்துப் போட்டிருந்தேன். அவ்வளவு சிறிய ஊரில் அந்த இரண்டும் சேர்ந்தால் ஒருவரைத்தான் குறிக்கும். அழைப்பு வாட்ஸ்அப்பில் மூன்று குழுக்களைத் தாண்டி அவருடைய சித்தப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. அந்த மாணவி அன்று வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தைக்கூட எந்த முகவரிக்கு அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி போகும் பிராட்காஸ்ட் பட்டியல் போதும். அதில் வருபவர் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும் என்பதால், முதல் சந்திப்பிலேயே சேமித்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். எந்தப் பெயரில் சேமிப்பது என்று அவர் கேட்டால் ‘நூலகம்’ என்று சொல்லுங்கள்.

நூலகத்தின் வருகைப் பதிவேடு இன்னொரு சிக்கல். பெயரும் கையெழுத்தும் கேட்கும் பதிவேட்டை வாசலில் வைத்தாலே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். நூலகருக்கு மேலிடத்துக்குக் காட்ட எண்ணிக்கைதான் தேவை. கூட்டத்துக்கு வந்தவர் எத்தனை பேர் என்பதை மட்டும் அவர் குறித்துக்கொள்வதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அறிக்கைக்கு நிழற்படமும் கேட்பார்கள். கூட்டம் தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு, மேசையில் அடுக்கிய சிற்றிதழ்களையும் பதாகையையும், முகம் காட்டச் சம்மதித்த நாலைந்து பேரையும் வைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கைப்பேசிகள் பைக்குள் போக வேண்டும். இதைத் தொகுப்பாளர் ஒருமுறை சொன்னால் போதாது. சொல்லிவிட்டு, எல்லோரும் வைக்கும் வரை பேசாமல் நிற்க வேண்டும். அந்த அரை நிமிட அமைதி நன்றாக வேலை செய்கிறது.

பொன்னாடை வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். செலவு குறைவுதான், ஆனால் யாருக்காவது பொன்னாடை போர்த்திப் பாருங்கள், அறையில் இருக்கும் அத்தனை கேமராவும் தானாக எழுந்துவிடும். குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை, தலைமை ஆகியவற்றையும் விட்டுவிடலாம். தலைமை வகிப்பவர் முக்கால் மணி நேரம் பேசிய பிறகு எழுத்தாளருக்குப் பத்து நிமிடம் கிடைக்கும் கூட்டங்கள் ஏற்கெனவே நாட்டில் போதுமான அளவு நடக்கின்றன.

அழைக்கும் முறையில் தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. ‘அவர்’ என்ற மரியாதைச் சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. அறிமுக உரை முழுவதையும் ‘அவர் எழுதுகிறார், அவர் வளர்ந்தார்’ என்று சொல்லி முடித்துவிடலாம், செயற்கையாகவும் ஒலிக்காது. இடறுவது உறவுமுறையில்தான். இந்தக் கடற்கரையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அரிது. அண்ணே, அக்கா என்றோ, கீழக்கரைப் பக்கம் காக்கா, லாத்தா என்றோதான் வாய் வரும். தேநீர் கொடுக்கும் தம்பி, திருநம்பி ஒருவரை ‘அக்கா, டீ’ என்று கூப்பிட்டுவிட்டால் அதுவரை செய்த ஏற்பாடெல்லாம் அந்த ஒரு சொல்லில் கெட்டுவிடும். ஆகவே வாசிப்பாளரிடம் முதல் பேச்சிலேயே ‘உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?’ என்று கேளுங்கள். அவர் சொன்னதை நூலகர், தேநீர் கொடுப்பவர், கதவருகே நிற்பவர் என்று எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். யாராவது தவறிவிட்டால், திருத்திச் சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள். நீண்ட வருத்தம் தெரிவித்தால் எல்லோர் பார்வையும் அவர்மேல் நிற்கும்.

தாளும் குரலும்

மேடையேறிப் பழகாதவர் வாசிக்கிறார் என்பதால் தாளைத் தயார் செய்வதில் உதவுங்கள். எழுத்தைப் பெரிதாக, 14 புள்ளியில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். பக்க எண் மேலே வலப்பக்கத்தில் இருக்கட்டும். ஒரு வாக்கியம் பக்கத்தின் அடியில் பாதியில் முறியாதபடி பாருங்கள். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொற்கள் போகும். பத்து நிமிடத்துக்கு 900 சொற்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம், ஒரு கூட்டத்துக்கு நான்கு பேர் என்பது என் கணக்கு. ஐந்தாமவர் வாசிக்கும்போது கேட்பவர் மனம் பேருந்து நிலையத்துக்குப் போய்விடுகிறது.

ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று தாளை அள்ளிக்கொண்டு போகும், மூடினால் வெக்கை. நூலகத்து மின்விசிறியைப் போட்டால் அதன் கிரீச்சொலி மென்குரலை விழுங்கிவிடும். காற்று வரும் பக்கத்து ஜன்னலை மட்டும் மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து, வாசிப்பவரின் தலைக்கு மேலிருக்கும் விசிறியை நிறுத்திவிட்டு, தாள்களை அட்டையில் கிளிப் போட்டுக் கொடுங்கள். நாற்பது பேர் வரை ஒலிபெருக்கி தேவையில்லை. வாசிக்கும் இடத்தை அலமாரிகளுக்கு எதிர்ப்புறம், வெறுஞ்சுவரை ஒட்டி வையுங்கள். புத்தக அடுக்குகள் குரலை உறிஞ்சிக்கொள்ளும். சுவர் திருப்பித் தரும். அத்துடன் வாசிப்பவருக்குப் பின்னால் யாரும் நடமாட மாட்டார்கள், வாசலும் அவர் கண்ணெதிரே இருக்கும். நடுங்கும் கையோடு வந்த ஒருவர் இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் எனக்குச் சொல்லித் தந்தார்.

தம் குரலே தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சுபவருக்காக மாற்றுக் குரல் ஒன்றை வைத்திருங்கள். அவர் பார்வையாளரோடு பார்வையாளராக அமர்ந்திருக்க, இன்னொருவர் அவருடைய கதையை வாசிப்பார். அப்படி வாசிப்பவர் முதல்நாளே எழுதியவரோடு உட்கார்ந்து, எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை ஊர் வழக்கில் உச்சரிப்பது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேள்விகளும் எதிர்ப்பும்

கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதி வாங்குங்கள். எழுத்தைப் பற்றிய கேள்வியைத் தொகுப்பாளர் வாசிப்பார். உடல், அறுவை சிகிச்சை, திருமணம், பெற்றோர் பற்றிய கேள்விகள் அவருடைய சட்டைப்பைக்குள் போகும். சிறுவர்கள் நூலகத்தில் இருக்கும் நேரமாக இருந்தால், வயது வந்தோருக்கான பகுதிகளை அன்று தேர்வு செய்யாதீர்கள்.

ஜமாஅத்திலோ, பங்குப் பேரவையிலோ, சாதிச் சங்கத்திலோ ஒருவர் முகம் சுளிக்கக் காத்திருந்தால், அவர் வந்து கேட்பதற்கு முன்பு நாமே ஒருமுறை போய் அவர் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருவது நல்லது. நூலகத்தில் மாதந்தோறும் கதை கவிதை வாசிக்கிறோம், நீங்களும் வாருங்கள் என்பதற்கு மேல் அங்கே பேச வேண்டியதில்லை. யார் யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டால், வாசிப்பவர்கள் தாங்களே சொன்னால்தான் உண்டு என்று சொல்லிவிடுங்கள். கூட்டத்தின் நடுவே ஒருவர் குரலை உயர்த்தினால், அவரோடு வாதிட ஒருவரும், வாசிப்பவரை நூலகரின் அறைக்கு அழைத்துப்போக ஒருவரும் என முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதுவரை முதலாமவர் ஒரே ஒருமுறைதான் தேவைப்பட்டார். அந்த மனிதர் கடைசியில் ஒரு சிற்றிதழை வாங்கிக்கொண்டு போனார். அதைப் படித்தாரா என்பது தெரியாது.

பதினாறு பக்கச் சிறுநூல்

வாசித்தது காற்றோடு போகாமலிருக்க ஒரு சிறுநூல் போடுங்கள். நான்கு ஏ4 தாள்களை இருபுறமும் படியெடுத்து நடுவில் மடித்தால் பதினாறு பக்கம். வெளித்தாளின் ஒரு புறத்தில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும், மறுபுறத்தில் 2ஆம் பக்கமும் 15ஆம் பக்கமும் வரும். அடுத்த தாளில் 14, 3, 4, 13 என்று உள்ளே போகும். ஜெராக்ஸ் கடையில் இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, வெற்றுத்தாளில் எண் எழுதி மடித்த மாதிரி ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். ஸ்டேப்ளர் நடுமடிப்பை எட்டாது என்பதால், அட்டைமேல் வைத்து ஊசியால் மூன்று துளை போட்டு நூலால் தைத்துவிடலாம். வலை பின்னத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் ஒரு மாலையில் ஐம்பது தைத்துவிடுவார். படியெடுக்கும் கடையை நம் ஊரில் வைத்துக்கொள்ளாமல் இராமநாதபுரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு படியை நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து, பதிவு எண் வாங்கிவிடுங்கள். பதிவு எண் ஏறிய நூலை எந்த நூலகரும் எளிதில் தூக்கியெறிய முடியாது.

திரும்பிப் போகுதல்

மாலை நான்குக்குத் தொடங்கினால் ஐந்தே முக்காலுக்கு முடித்துவிடுங்கள். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இரவு தங்குபவருக்கு அறை ஏற்பாடு செய்யும்போது நீங்களே விடுதிக்குப் போய்ப் பேசுங்கள். கோயில் நகரத்து விடுதிகள் சிலவற்றில் தனியாள்களுக்கு அறை தர மாட்டார்கள். ஆதாரில் இருக்கும் பெயருக்கும் படத்துக்கும் முன்னால் நிற்பவருக்கும் பொருத்தம் பார்த்து வரவேற்பறையில் நிறுத்தி வைப்பதும் உண்டு. பத்து மணிக்கு மேல் அந்த நிலைமையில் ஒருவரை விட்டுவிடக் கூடாது. நண்பர் வீட்டில் தங்கவைப்பதானால், அந்த வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதை விருந்தினரிடம் முன்பே சொல்லுங்கள்.

பேருந்தில் ஏற்றிவிடும்போது வாசித்த தாள்களை உறையில் போட்டு, பணத்தோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மேசையில் விட்டுப்போன தாளை மறுநாள் காலை நாளிதழ் படிக்க வருபவர்தான் முதலில் எடுப்பார். பிறகு நாற்காலிகளை அடுக்கி, கொட்டானை அலமாரியின் அடித்தட்டில் வைத்து, சாவியை நூலகரிடம் கொடுத்துவிட்டு வரலாம். ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்ற செய்தி பெரும்பாலும் பதினொரு மணியளவில் வரும். அதுவரை கைப்பேசியின் ஒலியை நிறுத்தாமல் வைத்திருங்கள்.